பங்க் விளக்கு என்று சீட்டு எழுதலாமா?

அமெரிக்கப் பழம்பொருள் சந்தைகளில் ஒரு பழைய விளக்கின் விலையை ஏற்றுவதற்கு அதைத் துடைக்கவும் வேண்டாம், ஒயரை மாற்றவும் வேண்டாம்; விலைச்சீட்டில் ‘கேஸ் ஸ்டேஷன்’, அதாவது பெட்ரோல் பங்க், என்று சேர்த்து எழுதினால் போதும். தொழிற்சாலைக் கூரையில் தொங்கியது என்றால் உதட்டைப் பிதுக்கிவிட்டு நகர்ந்துபோகிறவர், பெட்ரோல் பங்கில் தொங்கியது என்று வாசித்ததும் திரும்பி வந்து கையில் எடுத்துப் பார்ப்பதை நான் பல சந்தைகளில் கண்டிருக்கிறேன். விளக்கு அதேதான், வெளியே பச்சை எனாமல், உள்ளே வெள்ளை, விளிம்பில் கொஞ்சம் துரு. ஒஹாயோவில் வசிக்கும் நான் வார இறுதிகளில் இத்தகைய விளக்குகளை வாங்கி, சீர்செய்து, சேகரிப்பாளர்களுக்கு விற்று வருகிறேன். அந்தச் சொல்லை எப்போது எழுதலாம், எப்போது எழுதக்கூடாது என்பதில் எனக்கும் இதே தொழிலிலுள்ள இன்னொருவருக்கும் ஏற்பட்ட கருத்து வேற்றுமை இன்றுவரை தீர்ந்தபாடில்லை. அவர் சொன்னதில் பாதி சரி என்று சில நாள் தோன்றுகிறது. அத்தனையும் தவறு என்று சில நாள் தோன்றுகிறது.

எண்ணெய் நிறுவனங்களோடு தொடர்புடைய பழைய பொருள்களைச் சேர்ப்பதற்கு இங்கே ‘பெட்ரோலியானா’ என்று பெயர். அதற்கென்றே அயோவா மாநிலத்தின் டி மாயின் நகரில் ஆகஸ்டு மாதத்தில் பெரிய சந்தை கூடுகிறது. பங்குக்கும் விளக்குக்கும் உள்ள உறவோ தொடக்கத்திலிருந்தே நெருக்கமானது. 1913 டிசம்பர் 1 அன்று பிட்ஸ்பர்க் நகரின் பாம் பொலிவார்டில் கல்ஃப் நிறுவனம் திறந்த நிலையத்தைத்தான், காரை உள்ளே ஓட்டிவந்து பெட்ரோல் நிரப்பிக்கொள்வதற்கென்றே கட்டப்பட்ட முதல் நிலையம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். இரவு முழுவதும் திறந்திருந்த அந்த இடத்தின் கூரையில் பளிச்சென்று விளக்கு எரிந்தது. தெருவிளக்கு இல்லாத சாலையில் வருகிறவனுக்குத் தூரத்து வெளிச்சந்தான் விளம்பரம் என்பதை எண்ணெய்க்காரர்கள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். பிறகு நடந்தது தெரிந்த கதை. 1956-இல் வந்த சட்டத்தின்படி போடப்பட்ட நெடுஞ்சாலைகள் சிற்றூர்களை ஒதுக்கிவிட்டுப் போயின. 1973-இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. நிலத்தடித் தொட்டிகளை 1998 டிசம்பர் 22-க்குள் கசிவு தடுக்கும் முறைக்கு மாற்றியாக வேண்டும் என்ற கூட்டரசின் விதி, அந்தச் செலவைத் தாங்க முடியாத சிறு நிலையங்களை மூடவைத்தது. மூடிய நிலையங்களிலிருந்து பம்பும் பலகையும் விளக்கும் காயலான் கடைக்கும் கொட்டகைக்கும் போய், அங்கிருந்து எங்கள் மேசைக்கு வந்து சேர்கின்றன. ஆனால் இதே காலத்தில் தொழிற்சாலைகளும் மூடின. பள்ளிக்கூடங்களும் ரயில் நிலையங்களும் தானியக் கிடங்குகளும் இடிபட்டன. அவற்றின் விளக்குகளும் அதே கொட்டகைக்குத்தான் வந்தன. சிக்கல் அங்கே தொடங்குகிறது.

பேசும் விளக்கும் பேசாத விளக்கும்

பம்பின் உச்சியில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக் கோளத்தைப் பற்றி இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. ஏறத்தாழ 1910கள் முதல் 1950கள் வரை பம்புகளின் தலையில் எரிந்த அந்தக் கோளம், தான் எங்கே இருந்தது என்பதைத் தானே சொல்லிவிடும். ஷெல் நிறுவனத்துக்குச் சிப்பி வடிவம். இண்டியானாவின் ஸ்டாண்டர்டு ஆயிலுக்கு மகுட வடிவம், அதிலும் சிவப்பு, பொன், நீலம், வெள்ளை என்று வகைகள். மொபிலுக்குச் சிறகு முளைத்த சிவப்புக் குதிரை. அங்கே கேட்க வேண்டிய கேள்வி அசலா போலியா என்பது மட்டுமே. அதற்குப் பழகிய கை போதும். பழைய பால்வெள்ளைக் கண்ணாடியின் அடிக்கழுத்தில், உலோக வளையம் பல ஆண்டுகள் உராய்ந்த தடம் இருக்கும். சூளையில் சுட்டுப் பதித்த எழுத்தின் ஓரத்தை நகத்தால் வருடினால் ஒருவிதமாகவும், பின்னாளில் ஒட்டிய படத்தின் ஓரத்தை வருடினால் வேறுவிதமாகவும் இருக்கும். உலோகச் சட்டம் கொண்ட கோளத்துக்கு 15 அங்குல வட்டக் கண்ணாடி, கண்ணாடி உடலோ பிளாஸ்டிக் உடலோ கொண்டதற்கு 13.5 அங்குலம் என்பது பரவலான அளவு. இவை மாறிப் பொருத்தப்பட்டிருந்தால் இரண்டு மூன்று கோளங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்று ஐயப்படலாம். எந்த நிறுவனமும் எந்தக் காலத்திலும் வெளியிடாத படத்தை அழகுக்காகப் போட்டுப் புதிதாகச் செய்த கோளங்களும் உண்டு. அவற்றைக் கற்பனைச் சரக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள்.

கூரை விளக்கு அப்படிப் பேசுவதில்லை. பங்கின் முகப்பிலும் பலகையின் மேலும் வளைந்த குழாயில் தொங்கிய எனாமல் ஷேடில், எண்ணெய் நிறுவனத்தின் பெயரைப் போட வேண்டிய தேவை யாருக்கும் இருந்ததில்லை. அந்த ஷேடைச் செய்தது எண்ணெய் நிறுவனமும் அல்ல. சிகாகோவில் தொடங்கிய பெஞ்சமின் எலக்ட்ரிக், மாசசூசெட்ஸின் வீலர் ரிஃப்ளெக்டர், எங்கள் ஒஹாயோவின் ஆபோலைட் போன்ற விளக்குக்காரர்கள்தாம் அதைச் செய்தார்கள். வாங்கியவர் பங்க்காரரா, பட்டறைக்காரரா, பள்ளி நிர்வாகியா என்பது அவர்களுடைய விற்பனைப் பட்டியலுக்கு ஒரு பொருட்டே அல்ல. அது மட்டுமல்லாமல், விளக்கும் பிரதிபலிப்பானும் செய்கிறவர்கள் சேர்ந்து ‘ஆர்.எல்.எம்.’ என்று ஒரு தரத்தை வகுத்துக்கொண்டார்கள். கண் கூசாமலிருக்க பல்பை எவ்வளவு ஆழத்தில் வைக்க வேண்டும், உட்புற வெள்ளை எவ்வளவு ஒளியைத் திருப்பித் தர வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தரத்தில் அடங்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதன் விளைவாக வெவ்வேறு நிறுவனங்கள் செய்த ஷேடுகள் ஏறக்குறைய ஒரே அச்சாக ஆகிவிட்டன. இன்று நாம் எந்த ஒற்றுமையைக் காட்டி ‘பங்கில் இருந்ததைப் போலவே இருக்கிறதே’ என்கிறோமோ, அந்த ஒற்றுமை எல்லா இடத்து விளக்குக்கும் பொது.

நிறத்தை வைத்துச் சொல்கிறவர்களும் உண்டு. பச்சை என்றால் டெக்சகோ எண்ணெய் நிறுவனத்தின் விளக்கு என்பார்கள். வால்டர் டோர்வின் டீக் 1930களின் பிற்பகுதியில் டெக்சகோவுக்காக வடிவமைத்த வெள்ளை எனாமல் நிலையங்களில் பச்சைக் கோடுகள் ஓடியது உண்மையே. ஆனால் கரும்பச்சை என்பது அந்நாளையத் தொழிற்கூட விளக்குகளுக்கு வழக்கமான வெளிப்பூச்சு. காரைக்குடியில் பழம்பொருள் விற்கும் தெருவுக்குப் போனால் அங்கிருக்கும் எனாமல் தட்டுகளெல்லாம் செட்டியார் வீட்டுத் தட்டுகளாகவே இருக்கும். இங்கே பச்சை விளக்குகளெல்லாம் டெக்சகோவிலிருந்து வந்தவை.

மேசைமேல் ஒரு ஷேடு

விளக்கு எதுவுமே சொல்லாது என்று நான் சொல்லவில்லை. எங்கே தொங்கியது என்பதைத்தான் சொல்லாது. யார் செய்தார்கள், எப்போது செய்தார்கள், இடையில் யார் கைவைத்தார்கள் என்பதையெல்லாம் பொறுமையாகக் கேட்டால் சொல்லிவிடும். கொட்டகையிலிருந்து வரும் ஷேடைக் கராஜ் மேசையில் கவிழ்த்து வைத்தால் முதலில் உதிர்வது குளவிக்கூடு. அதை எடுத்துவிட்டு வெந்நீரும் பாத்திரம் துலக்கும் சோப்பும் மட்டும் போட்டுக் கழுவ வேண்டும். துருக்கறை பிடிவாதம் பிடித்தால் ஆக்சாலிக் அமிலம் கலந்த துலக்குப் பொடியைத் தொட்டுத் தேய்க்கலாம். கழிவறை கழுவும் கடுமையான அமிலம் பட்டால் எனாமலின் பளபளப்பு போய்விடும், பிறகு திரும்பாது. மணலடித்துச் சுத்தம் செய்து புதிதாகப் பெயின்ட் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை, ஆனால் அவர்களிடம் நான் வாங்குவதுமில்லை.

கழுவிய பின் விளிம்பில் சில்லு பெயர்ந்த இடத்தைப் பார்க்க வேண்டும். எனாமல் என்பது கண்ணாடி. இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடித் தூளைப் பூசி ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸில் சுட்டால் அது உருகி ஒட்டிக்கொள்கிறது. தகட்டோடு பிடிப்பு ஏற்படுவதற்காக முதல் பூச்சில் கோபால்ட் கலப்பார்கள். அதனால் அந்த அடிப்பூச்சு கருநீலமாகவோ கறுப்பாகவோ இருக்கும். அசல் எனாமல் பெயர்ந்த இடத்தில், நடுவே துருப்பிடித்த இரும்பு, அதைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கரை, அதற்கு வெளியே பச்சை என்று மூன்று வளையங்கள் தெரியும். பெயர்ந்த விளிம்பு கண்ணாடி உடைந்ததைப் போலக் கூர்மையாக, சிப்பியின் உட்புறம்போலக் குழிந்து இருக்கும். பவுடர் கோட்டிங் செய்த புதிய சரக்கில் இந்தக் கறுப்புக் கரை இருக்காது; சுரண்டினால் சுருளாக உரியும். ஐயம் இருந்தால், மறைவான ஓரிடத்தில் அசிட்டோன் நனைத்த பஞ்சைச் சற்று நேரம் வைத்துப் பார்க்கலாம். பெயின்ட் இளகும், கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது.

காலத்தைச் சொல்வது லேபிளும் உதிரிகளும். ஊர்ப் பெயருக்குப் பின்னால் ‘சிகாகோ 24’ என்பதுபோல ஒன்றிரண்டு இலக்கம் இருந்தால், அது 1943-இல் பெருநகரங்களுக்கு அறிமுகமான அஞ்சல் மண்டல எண். 1963 ஜூலையில் ஐந்திலக்க ஜிப் எண் வந்ததும் அது வழக்கொழிந்தது. ஆக அந்த லேபிள் அடிக்கப்பட்டது பெரும்பாலும் அந்த இருபது ஆண்டுகளுக்குள்தான். காப்புரிமை எண் பொறித்திருந்தால் இன்னும் நல்லது. பத்து லட்சமாவது காப்புரிமை 1911-இலும், இருபது லட்சமாவது 1935-இலும், முப்பது லட்சமாவது 1961-இலும் வழங்கப்பட்டன என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மனக்கணக்காகவே ஆண்டை நெருங்கிவிடலாம். ஆனால் அந்த எண் முன் எல்லையை மட்டுமே தரும். 1930-இல் காப்புரிமை பெற்ற ஹோல்டரை 1950 வரையிலும் செய்துகொண்டிருந்திருக்கலாம். நட்சத்திரத் தலையுள்ள திருகாணிகளும் கவனிக்க வேண்டியவை. ஹென்றி பிலிப்ஸுக்கு அதற்கான காப்புரிமை 1936-இல்தான் கிடைத்தது. 1920களின் விளக்கு என்று சொல்லப்படும் ஒன்றில் அது இருந்தால், ஒன்று விளக்கு பிந்தையது, அல்லது யாரோ பின்னாளில் திறந்து மூடியிருக்கிறார்கள். பல்பு மாட்டும் மரையின் அகலமும் பேசும். வீட்டு பல்பைவிடப் பெரிய ‘மோகல்’ ஹோல்டர் என்றால் 300 வாட்டும் அதற்கு மேலும் எரிக்கப்பட்ட விளக்கு. பழைய ஒயரைப் பற்றி ஒரு எச்சரிக்கை: துணி சுற்றிய உறை தொட்டாலே பொடியாகும், சூடு தாங்குவதற்காகச் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் வைத்திருக்கிறார்கள். அதை உரித்து ஆராய வேண்டாம். நனைத்து, முழுதாக உருவி, உறையிலிட்டு அப்புறப்படுத்துவதே நல்லது.

வெடிதடுப்பு விளக்குகள்

விளக்கே தன் இடத்தைச் சொல்லிவிடும் வகை ஒன்று உண்டு. வேடிக்கை என்னவென்றால் அதைத்தான் சந்தைகளில் தாராளமாகத் தவறாக விற்கிறார்கள். தடித்த அலுமினிய வார்ப்பு, ஜாடிபோன்ற கண்ணாடி, அதைச் சுற்றிக் கம்பிக்கூண்டு; சிரக்யூஸ் நகரின் க்ரௌஸ்-ஹைண்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் செய்த வெடிதடுப்பு விளக்குகள் அவை. உள்ளே பொறி பறந்தாலும் வெளியிலுள்ள ஆவியோ தூசியோ பற்றிக்கொள்ளாதபடி அமைக்கப்பட்டவை. பெட்ரோல் எரியும் பொருள், இது தீப்பற்றாத விளக்கு, எனவே இது பங்க் விளக்கு என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழும், மேலே ஏறாது. ஆகையால் பம்பை ஒட்டிய இடம் போக, சுற்றிலும் அபாயப் பகுதி என்று மின்விதிகள் வரையறுப்பது தரையிலிருந்து 18 அங்குல உயரம் வரையிலான வெளியைத்தான். தலைக்கு மேல் கூரையில் தொங்கும் விளக்குக்கு இவ்வளவு கனமான கவசம் தேவையில்லை. யாரும் வீணாகச் செலவழித்து மாட்டியிருக்கவும் மாட்டார்கள். வண்டிக்கு அடியில் இறங்கி வேலை செய்யும் பள்ளத்தில் வேண்டுமானால் இருந்திருக்கலாம்.

அந்த விளக்கின் பெயர்த்தகட்டில் வகுப்பும் பிரிவும் பொறித்திருப்பார்கள். முதல் வகுப்பு, ‘டி’ பிரிவு என்றால் பெட்ரோல் போன்றவற்றின் ஆவி; இரண்டாம் வகுப்பு, ‘ஜி’ பிரிவு என்றால் தானியத் தூசி, மாவுத் தூசி. இரண்டுக்கும் ஏற்றவை என்று பொறித்தவையும் உண்டு. ஆனால் இரண்டாம் வகுப்பு, ‘ஜி’ பிரிவு என்று மட்டும் தெளிவாகப் பொறித்த தகட்டுக்கு மேலேயே ‘கேஸ் ஸ்டேஷன்’ என்று சீட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். மாவு ஆலைக்கோ தானியக் கிடங்குக்கோ செய்த விளக்கு அது. சீட்டைச் சற்றுத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும், யாரும் தூக்குவதில்லை.

அந்த ஜோடி

இனி அந்தக் கருத்து வேற்றுமைக்கு வருகிறேன். பழைய கட்டடங்களை இடித்து அப்புறப்படுத்தும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் 16 அங்குல ஷேடும், வாத்துக் கழுத்துபோல வளைந்த குழாய்க் கையும் கொண்ட ஒரு ஜோடி ‘கூஸ்நெக்’ விளக்குகளை வாங்கினேன். ஒரே சிற்றூரில் பள்ளி, பட்டறை, கடை எனப் பல கட்டடங்களை இடித்தவர் அவர். இந்த ஜோடி எதிலிருந்து வந்தது என்று அவருக்கே நினைவில்லை. சிகாகோ நிறுவனமொன்றின் லேபிள் ஒன்றில் பிழைத்திருந்தது, மண்டல எண்ணோடு. ஒரு கையில் பிடிப்புத் திருகாணி காணாமற் போயிருந்ததால் பித்தளையில் ஒன்று போட்டேன். நிறுவனம், அளவு, ‘1943க்கும் 1963க்கும் இடைப்பட்டது’, புதிய ஒயர், பயன்பட்ட இடம் தெரியாது என்று சீட்டு எழுதி, ஒரு வியாபாரிக்கு விற்றேன். பேரம் பேசினார், குறைத்தேன், கைகுலுக்கிக்கொண்டோம்.

அடுத்த கோடையில் ஒரு திறந்தவெளிச் சந்தையில் அந்த ஜோடியை மறுபடியும் கண்டேன். பித்தளைத் திருகாணி அப்படியே இருந்தது. சீட்டுதான் மாறியிருந்தது. ‘1930கள், டெக்சகோ கேஸ் ஸ்டேஷன், அசல்’ என்று அழகான கையெழுத்தில் எழுதி, நான் விற்றதைப்போல மூன்று மடங்குக்குச் சற்றுக் கூடுதலாக விலை போட்டிருந்தார். விலையைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை. எடுத்துக்கொண்டு போய் இடம் பிடித்து வெயிலில் நிற்பவருக்கு லாபம் வேண்டும். அந்தச் சீட்டைத்தான் என்னால் விட்டுவிட முடியவில்லை. ஷேடைக் கவிழ்த்து லேபிள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற ஓர் இளம்பெண், என்னையும் சேகரிப்பாளர் என்று எண்ணிக்கொண்டு, “இது உண்மையானதுதானா?” என்று கேட்டார். வியாபாரி மேசைக்கு மறுபுறம் நின்றுகொண்டிருந்தார். நான் யார் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

அந்தப் பெண்ணின் கேள்வியில் இரண்டு கேள்விகள் இருந்தன. விளக்கு உண்மையானதா என்றால், ஆம். கறுப்புக் கரையைக் காட்டினேன். லேபிளைக் காட்டி, அந்த மண்டல எண் இருப்பதால் இது 1943க்குப் பிந்தையது, எனவே 1930கள் என்பது பொருந்தாது என்றேன். எங்கே தொங்கியது என்பதை இந்த விளக்கை வைத்துச் சொல்ல இயலாது என்றும் சொன்னேன். எனக்கும் அதற்கும் உள்ள தொடர்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பிறர் மேசையில் நின்றுகொண்டு அவர் வியாபாரத்தை உடைப்பது சந்தை வழக்கமல்ல, ஏற்கெனவே அந்த எல்லையைத் தொட்டுவிட்டேன். அந்தப் பெண் சற்று யோசித்தார். பிறகு, மிசௌரியில் தம்முடைய தாத்தா டெக்சகோ நிலையம் நடத்தி வந்ததாகவும், அதன் முகப்பில் இதேபோன்ற இரண்டு விளக்குகள் இருந்ததாகத் தம்முடைய அம்மா சொல்வார் என்றும், வீட்டு வாசலில் மாட்டுவதற்காகவே தேடிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். ஆண்டு பொருந்தாததைக் காட்டி விலையில் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். வியாபாரி குறைத்தார். அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கூட்டம் குறைந்ததும் வியாபாரி என்னிடம் வந்து, கோபப்படாமலே பேசினார். “நீங்கள் எனக்கு இரும்பை விற்றீர்கள். அவர் தேடி வந்தது தம்முடைய தாத்தாவின் பங்கை. நான் அந்தச் சீட்டை எழுதியிராவிட்டால் அவர் நின்றிருக்கவே மாட்டார், உங்கள் சீட்டோடு இருந்திருந்தால் அந்த விளக்கு யாரோ ஒருவருடைய உணவகத்தில் அலங்காரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும்” என்றார். இன்னொன்றும் சொன்னார். இந்த வட்டாரத்தில் கூஸ்நெக் கையோடு வெளிச்சுவரில் மாட்டிய ஜோடி விளக்கு என்றால் அது பங்காக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ‘தெரியாது’ என்று எழுதுவது நேர்மையல்ல, சோம்பல். அனுபவமுள்ளவன் ஓர் ஊகத்தையாவது சொல்ல வேண்டும். இந்தக் கடைசி வாதம் என்னை உண்மையிலேயே கட்டிப்போட்டது. ஊகம் சொல்லத் தெரியாதவனிடம் எதற்காகச் சேகரிப்பாளர்கள் வர வேண்டும்?

பல நாள் இதைப் புரட்டிப் பார்த்ததில் எனக்குப் படுவது இதுதான். அந்தப் பெண் ஏமாறவில்லை, தெரிந்தேதான் வாங்கினார். தாத்தாவின் கதை அவர் கொண்டுவந்த கதை, வியாபாரி கொடுத்ததல்ல. அந்தப் பரிமாற்றத்தில் யாருக்கும் நட்டமில்லை என்பது வரை வியாபாரியோடு உடன்படுகிறேன். ஆனால் விளக்கு அவரோடு முடிந்துவிடப் போவதில்லை. எனாமல் இன்னும் நூறாண்டு இருக்கும். அவருக்குப் பின் வீட்டுப் பொருள்களை ஏலம் விடும்போது, டெக்சகோ என்று எழுதிய சீட்டு ஒன்றும், தாத்தா டெக்சகோ நிலையம் வைத்திருந்தார் என்ற குடும்பப் பேச்சு ஒன்றும் சேர்ந்து, ‘மிசௌரியில் இயங்கிய இன்ன நிலையத்தின் அசல் விளக்குகள்’ என்று ஆகிவிடும். அப்போது அதை மறுப்பதற்கு யாராலும் முடியாது, ஏனென்றால் கதையின் இரண்டு பாதிகளும் தனித்தனியே நம்பத்தக்கவை. உண்மையிலேயே மிசௌரி நிலையமொன்றிலிருந்து படத்தோடும் பற்றுச்சீட்டோடும் வந்த விளக்கு அதன் பக்கத்தில் நின்றால், இரண்டுக்கும் ஒரே விலைதான். ஊகத்தைச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் ‘பங்காக இருக்கலாம்’ என்று வாயால் சொல்வதற்கும், ‘டெக்சகோ, அசல்’ என்று மையால் எழுதிக் கட்டுவதற்கும் நிறைய தூரம்.

படத்தோடு வந்த நான்கு

அதன் பிறகு என் சீட்டுகள் நீண்டுவிட்டன. என் மனைவிக்கு அவை வில்லங்கச் சான்றிதழ்போலத் தோன்றுகின்றனவாம். வெளியே தொங்குவது ஒன்று. ஹோல்டருக்கு மேலுள்ள மூடியின் உட்புறத்தில் மெல்லிய அலுமினியத் தகட்டில் கீறி வைப்பது இன்னொன்று. எந்த மாவட்டத்தில் கிடைத்தது, எந்த வகைக் கட்டடம் என்று விற்றவர் சொன்னார், நான் எதை மாற்றினேன் என்பதை அதில் குறிக்கிறேன். விலையை முதலில் இரும்புக்கும் எனாமலுக்கும் வேலைக்கும் போடுகிறேன். ஜோடியாகவும் நான்காகவும் ஒரே கையோடு கிடைத்தால் கூடுதல், விளிம்பில் சில்லு போனதற்குக் கொஞ்சம் குறைவு, முகத்தில் போனதற்கு அதிகம் குறைவு. கதைக்குத் தாள் இருந்தால் மட்டும் கதைக்கு விலை.

அப்படித் தாளோடு அண்மையில் நான்கு விளக்குகள் கிடைத்தன. இண்டியானாவில் மூடிக்கிடந்த ஒரு குடும்ப நிலையத்தின் முகப்பிலிருந்து நானே ஏணி வைத்துக் கழற்றியவை. நடத்தியவரின் மகன் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்ததோடு, 1950களில் எடுத்த படம் ஒன்றின் நகலையும் தந்தார். வீட்டுக்கு வந்து படத்தை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், அதிலிருக்கும் விளக்குகளின் கை இரண்டு வளைவு கொண்டது. நான் கழற்றியவற்றுக்கு ஒரே வளைவு, ஷேடும் ஆழமானது. நிலையம் ஒன்றுதான், விளக்குகள் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கின்றன. ‘நிலையத்தின் முகப்பிலிருந்து கழற்றப்பட்டவை, படத்தில் காண்பவை இவை அல்ல’ என்று எழுதினேன். முதலில் வந்தவர் நான்கையும் கேட்ட விலைக்கே எடுத்துக்கொள்வதாகவும், சீட்டில் இரண்டாவது பாதியை மட்டும் கிழித்துவிடும்படியும் சொன்னார், மறுத்ததும் போய்விட்டார். பழைய கார்ப் பட்டறை ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் ஒருவர் இரண்டை வாங்கினார். அவருக்கு 1960களின் விளக்குதான் தேவைப்பட்டது.

மீதி இரண்டுக்கும் தொலைபேசியில் விலை கேட்டவர் அதே வியாபாரி. சொன்னேன். உள்ளேயிருக்கும் அலுமினியத் தகட்டை எடுக்கக்கூடாது என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, தகடு அப்படியே இருக்கட்டும், ஆனால் அதற்காக இருபது டாலர் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். பத்து குறைத்தேன்.